மீனுக்குப் பேசியவர்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது இறங்கி வாய்க்கே வந்துவிட்டது. காரணம் என் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர். தடுப்பணைக்குக் கீழே, ஆறு அகலமாகிற இடத்தில் மீன் பிடிப்பவர். பிடித்ததைக் கூடையில் அடுக்கி சந்தையில் விற்பவள் என் தங்கை. நான் அதே அணையிலிருந்து பிரிகிற வாய்க்காலில் முதல் வயல்காரன்.

"படகை வித்துடலாம்னு இருக்கோம் மச்சான். சிட்டியில ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேலை. தங்க வீடும் தர்றாங்க," என்றார் அவர், அணைத் தண்ணீரைப் பங்கு போடுகிற கூட்டத்துக்குப் போகிற வழியில் டீயை ஆற்றிக்கொண்டே.

"ஆத்துல வலை வீசற ஆளு, அங்க போயி கேட்டைத் திறந்து மூடப் போறீங்களா?"

"இங்க அணை ஷட்டரைத் திறக்க மாட்டேங்கறாங்க. அங்கயாச்சும் ஒரு கதவு என் கையில இருக்கட்டுமே."

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு நான் உரிமையோடு சண்டை போட மிச்சமிருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான். அவளும் போய்விட்டால் நான் யாரிடம் போய்க் கத்துவது? இந்தக் கூட்டத்தில் மீனுக்குத் தண்ணீர் கிடைத்தால் இருப்பார்கள், கிடைக்காவிட்டால் மூட்டை கட்டுவார்கள். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

நீர்வளத் துறை அலுவலகத்தின் மாடியில் கூட்டம். எப்போதும் நாங்கள் விவசாயிகள் ஜன்னல் பக்கம், மீன்காரர்கள் சுவர்ப் பக்கம். இரண்டு பக்கமும் கத்துவோம், டீ வந்தால் நிறுத்துவோம், டம்ளர் காலியானதும் விட்ட இடத்திலிருந்து கத்துவோம். இந்த முறை புதிதாக ஒரு இன்ஜினியரம்மா வந்திருந்தார். நீள மேஜையில் மாதத்துக்கு ஒன்றாகக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையக் கோலிகள். பச்சை வயலுக்கு, நீலம் மீனுக்கு. அணையில் எவ்வளவு தண்ணீரோ அவ்வளவுதான் கோலி.

"இன்னைக்கு இடம் மாறி உக்காருங்க," என்றார். "விவசாயிங்க மீனுக்காகக் கேளுங்க. மீன் பிடிக்கிறவங்க வயலுக்காகக் கேளுங்க. அவங்கவங்க சொந்தத் தொழிலைப் பத்தி வாயே திறக்கக் கூடாது. முடிஞ்சதும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் பெருமூச்சு என்று ஒருவர் உண்டு. பேசுவதற்கு முன் ஒரு பெருமூச்சு, பேசி முடித்து இன்னொன்று. அவர் விட்ட மூச்சில் கிண்ணம் நகராதது ஆச்சரியம். "மீன் என்ன நமக்கு மாமனா மச்சானா?" என்றார்.

"எனக்கு மச்சான் முறைதான்," என்று சொல்லி நான் பையில் கையை விட்டேன்.

எனக்குத்தான் இது நல்ல வாய்ப்பாயிற்றே. கோடைக் கிண்ணங்களில் நீலத்தை அள்ளி அள்ளிப் போட்டேன். வெயிலில் மீன் பாவம், ஆறு நிறைய ஓடட்டும்.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு வாரி வைக்கிறியே, அது நம்ம தண்ணிப்பா!" என்று பெருமூச்சு பதறினார்.

எதிரே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார். மரியாதையில் அவர் எனக்குச் சளைத்தவரா? அறுவடை மாதத்துக் கிண்ணத்தில் பச்சையைக் குவித்தார். "கதிர் முத்தற நேரம். தாகமா இருக்கும், குடிக்கட்டும்," என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தத் தொழிலைப் பற்றி வாய் திறக்கக் கூடாதே!

இன்ஜினியரம்மா எண்ணிப் போட்டார். சுவரில் படம் வந்தது. நெல் தண்ணீரில் சாய்ந்து அழுகியிருந்தது. மீன் குஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூஜ்யம். 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல' என்று வாசலில் உபசரித்துக்கொண்டே நின்று இரண்டு பேரும் பஸ்ஸைத் தவறவிட்டது போல இருந்தது.

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு மாடி முழுக்கச் சிரிப்பு. பெருமூச்சுகூட ஒரு மூச்சை விட்டுக்கொடுத்துச் சிரித்தார்.

"அறுக்கறதுக்கு முன்னாடி வயலைக் காயப் போடணும்யா," என்றேன், அனுமதி கிடைத்ததும். "நீங்க கதிரை நீச்சல் பழக வெச்சுட்டீங்க."

"கோடையில மீனுக்கு ஆத்துக்குள்ள ஆழமா மடு இருக்கு மச்சான், அதுல ஒதுங்கிக்கும். அதுக்கு வேண்டியது முதல் மழைத் தண்ணி. கலங்கலா, திடுதிப்புன்னு வரணும். அந்த வாசம் பட்டாத்தான் மேல ஏறிப் போயி முட்டை போடும். கொஞ்ச நாள் போதும். அப்பத்தான் நீங்க ஷட்டரை இறுக்கி மூடிடறீங்க."

ஏன் மூடுகிறோம் என்று எங்களுக்குத் தெரியும். முதல் தண்ணீரைப் பிடித்தால்தான் நாற்று விட முடியும். அதை ஓடவிட்டு, அடுத்த மழை ஏமாற்றினால் அந்த வருஷ நெல் போச்சு. ஆக எல்லோருக்கும் வேண்டியது அதே தண்ணீர், அதே சமயத்தில். இத்தனை வருஷம் கத்தியதில் இது ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

"நாத்துக்கு மட்டும் வேற தண்ணி இருந்தா?" என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் வற்றாத கிணறு என்னுடையதுதான். அதை வைத்து முழு வயலும் பாய்ச்ச முடியாது, ஆனால் எல்லோருடைய நாற்றையும் ஒரே இடத்தில் விட்டால் தாங்கும். கிணற்றடி நிலம் என் செல்லம். அதில் காய்கறி போட்டிருந்தேன். வயிறு எரிந்தது. ஆனாலும் தங்கையை நினைத்துக்கொண்டு சொன்னேன்: "என் கிணத்தடியில பொதுவா நாத்து விட்டுக்கலாம். ஷட்டரைத் திறந்து வைங்க. ஒரு வருஷம் பாப்போம்."

மாப்பிள்ளை எழுந்தார். உணர்ச்சிவசப்பட்டால் அவருக்குக் குரல் கரகரத்துவிடும். "மச்சான் நிலத்தைத் தர்றாரு. நாங்க சும்மா இருந்தா நல்லாருக்காது. மீன் மேல ஏறி முடிக்கிற வரைக்கும் எங்க ஆளுங்க ஒருத்தரும் வலை போட மாட்டோம்."

கை தட்டினார்கள். பெருமூச்சு என் தோளைத் தட்டி, மூச்சே விடாமல் போனார்.

மழை அந்த வருஷம் நல்லபடியாக, ஒரு பிற்பகலில் தொடங்கியது. ஷட்டர்கள் உயர்ந்தன. ஆறு பழுப்பு நிறமாகப் பொங்கிப் போனது. மறுநாள் காலை அணைப் பாலத்தில் நிற்க இடமில்லை. கீழே மீன்கள் எதிர்நீச்சலில் விழுந்து எழுந்து ஏறின. மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கத்தினார். பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் தங்கை. எனக்குக் கண் கலங்கியது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"பாத்தியா? இனி நீங்க எங்கயும் போக வேண்டாம். உன் புருஷனை இங்கயே உக்காத்தி வெச்சுட்டேன்," என்றேன்.

அவள் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போகணும்னு சொன்னது அவர் இல்லண்ணே. நான்."

எனக்குப் புரியவில்லை.

"வருஷம் முழுக்கப் பாதிக் கூடையோட பஸ்ல நிக்கறவ நான். கூடை நிறையறதே இந்த நாள்லதான். சினை மீனுக்குத்தான் ஜனம் அடிச்சுக்கும். இப்ப அதுவும் கிடையாதுன்னு கூட்டத்துல கை தட்டிட்டு வந்தீங்க. வேண்டாம்னு நான் சொல்லல. ஏறட்டும், முட்டை போடட்டும், நல்லதுதான். ஆனா இந்த நாள்ல நாங்க எதை விக்கறதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயில்லாத மீனுக்குப் பேச ஆள் வெச்சீங்க. எனக்கு வாய் இருக்குண்ணே. கேக்கத்தான் ஆள் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். கிணற்றடி நிலத்தைக் கொடுத்தபோது எரிந்ததைவிட இப்போது அதிகமாக எரிந்தது. அவளுக்காக என்று நினைத்து எல்லாம் செய்தேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

"இப்ப கேக்கறேன். சொல்லு," என்றேன்.

சொன்னாள். கீழே மடுவில் வளர்க்கிற சின்ன மீனைப் பற்றி, கருவாட்டை அந்த நாட்களுக்கென்று சேர்த்து வைப்பதைப் பற்றி, சந்தையில் அவளோடு உட்காருகிற பெண்களைப் பற்றி. யோசித்து வைத்திருக்கிறாள், எல்லாவற்றையும். நான் குறுக்கே பேசவில்லை. நம்ப மாட்டீர்கள், மாப்பிள்ளையே திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவள் முடித்ததும் பயந்துகொண்டே கேட்டேன். "அப்ப போறியா, இருக்கியா?"

"அடுத்த கூட்டத்துல, சந்தையில விக்கற எங்களுக்கும் நாற்காலி போடச் சொல்லு," என்றாள். "உக்காந்து சொல்றேன்."

பாலத்தின் அந்தக் கோடியில் இன்ஜினியரம்மா நின்றிருந்தார். கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் அவரை நோக்கி ஓடினேன்.