அண்ணை சொல்லட்டும்

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை காலை, வட்டுக்கோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் செல்வத்துரை, வயது எழுபத்தொன்று, வலது பாதத்தில் நீரிழிவுப் புண் முற்றிய நிலையில் யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். கூட வந்தவர் இளைய மகன் பிறேம், வயது முப்பத்திரண்டு.

பிறேமுக்கு அந்தப் புண்ணைத் தெரியும். பெருவிரல் இடுக்கில் மிளகளவில் தொடங்கிய நாளிலிருந்து தினமும் கழுவி மருந்து கட்டியவன் அவன்தான். போன கிழமை கட்டை அவிழ்த்தபோது மணம் மாறியிருந்தது. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. வீடியோவில் அண்ணன் கிறிஸ்ரோபருக்குக் காட்டினான். ரொறன்ரோவிலிருந்து அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கிளினிக் திகதி எப்ப? பதின்மூண்டோ? அண்டைக்கே காட்டு. சும்மா மனுசனைப் போட்டு அலைக்காதை."

பிறேம் கட்டைத் திரும்பக் கட்டினான்.

இப்போது விடுதியில், பிறேமைவிட நாலைந்து வயது குறைந்த ஒரு பெண் டொக்டர் கட்டிலருகே நின்றார்.

"நீங்கள்தான் மகனோ? முழங்காலுக்குக் கீழை காலை எடுக்கவேணும். இண்டைக்கே எடுத்தால் நல்லது. கிருமி ரத்தத்துக்கை இறங்கினால் பிறகு எங்கடை கையிலை ஒண்டும் இல்லை."

"அப்பாவைக் கேட்டுப் பாப்பம்" என்றான் பிறேம்.

செல்வத்துரைக்குக் காய்ச்சல் கொதித்தது. மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "தபால் பை வந்திட்டுதோ?" என்றார். பிறகு, கேள்வி ஏதோ ஒரு மூலையில் எட்டியதுபோல, "பெரியவனைக் கேளுங்கோ" என்றார்.

"ஐயா தெளிவாய் இல்லை" என்றார் டொக்டர். "நீங்கள்தான் சைன் வைக்கவேணும்."

"அண்ணை இருக்கிறார். கனடாவிலை."

"அவர் அங்கையிருந்து வைக்க ஏலாது தானே. உங்களுக்கு என்ன வயசு?"

அவன் சொன்னான். டொக்டர் சம்மதப் பத்திரத்தையும் பேனையையும் கட்டிலோரத்து மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கிறிஸ்ரோபருக்கு அங்கே இரவு வேலை. களஞ்சியத்துக்குள் போகும்போது போனைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும். பிறேம் குறுந்தகவல் போட்டுவிட்டு யன்னலோரம் நின்றான்.

அம்மா இறந்தபின் வீட்டில் எதுவும் அண்ணையைக் கேளாமல் நடந்ததில்லை. அவர் பதினெட்டு வயதில் போய், பனியில் நின்று உழைத்து, கூரையைப் போட்டவர். பிறேமைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். வேலைநிறுத்தம், கொரோனா என்று இழுபட்டு அந்தப் படிப்பு முடிய அவனுக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது. அரசாங்கப் பட்டதாரி நியமனம் வரவில்லை. சுன்னாகத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் இடம் கிடைத்தபோது, "உந்தச் சம்பளத்துக்குக் கழுத்திலை ரை கட்டப்போறியோ? நான் இஞ்சை எடுக்கிறன், பொறு" என்றார் அண்ணை. விசா இரண்டுமுறை மறுக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த சுவர்ணா இரண்டு வருடம் பொறுத்தாள். "உங்களுக்கு எப்ப பிறேம் வயசு வரும்?" என்று கடைசியாக ஒருநாள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அடுத்த ஆவணியில் சாவகச்சேரியில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. அவன் போகவில்லை. இதையெல்லாம் ஒரு கொடுமை என்று அவனுக்குச் சொல்ல வராது. யாரும் அவனை அடிக்கவில்லை; சாப்பாட்டுக்குக் குறைவிருக்கவில்லை; மோட்டார் சைக்கிள்கூட இருந்தது.

பகல் சாப்பாட்டோடு அப்பாவின் தங்கை அற்புதராணி மாமி வந்தாள். விசயத்தைக் கேட்டதும் கூடையைத் தொப்பென்று வைத்தாள்.

"காலை வெட்டுறதோ? நீ சைன் வைச்சிட்டியோ?"

"இல்லை மாமி."

"வைச்சிடாதை அப்பன். நாளைக்குப் பெரியவன் வந்து நிண்டு, ஆரைக் கேட்டு வெட்டினனீ எண்டால் என்ன சொல்லுவாய்? உனக்குச் சேட்டு வாங்கினாலும் அவனைக் கேட்டுத்தானே நிறம் பாக்கிறனீ. இது கால்."

"டொக்டர் இண்டைக்கே எண்டு சொல்லுறா மாமி. எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. நான்தானே தினம் பாத்தனான்."

"நீ குழந்தைப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்? சோறு ஆறுது, சாப்பிடு."

அவள் போனபின் பேனையை எடுத்தான். பத்திரத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினான். கீழே கோடு இருந்தது. கையெழுத்துக்குப் பஞ்சப்பட்டவன் இல்லை அவன்; விண்ணப்பங்களில் எத்தனையோ வைத்திருக்கிறான், எல்லாம் இன்னொருவர் சரி என்று சொன்ன பிறகு. கால் போனால் அப்பா தன்னை எப்படிப் பார்ப்பார் என்று யோசித்தான். போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தே இருந்தது. பேனையை மூடி வைத்தான்.

மூன்று மணிக்கு, வேலை முடிந்து, கிறிஸ்ரோபர் போன் எடுத்தார். பிறேம் சொல்லி முடிக்குமுன் அவர் அழத் தொடங்கிவிட்டார்.

"டேய், அந்தக் காலாலைதானடா சைக்கிள் உழக்கி எங்களை வளத்தவர். சும்மா சொல்லாதை வெட்டுறதெண்டு. கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒராள் இருக்கிறார், கதைக்கிறன். அதுவரைக்கும் ஒண்டிலையும் கை வைக்காதை."

"அண்ணை, புண் கறுத்திட்டுது. மணக்குது. இண்டைக்கு..."

"நீ டொக்டரோ?"

பிறேமிடம் பதில் இருந்தது. "இல்லை அண்ணை" என்றான்.

மாலையில் டொக்டர் வந்து, பத்திரத்தில் வெறுமையாய்க் கிடந்த கோட்டைப் பார்த்தார். "என்ன முடிவு?"

"அண்ணை கதைச்சுச் சொல்லுவார்."

"உங்கடை முடிவைத்தான் கேட்டனான்."

அவன் மூடியிருந்த பேனையை மேசையில் நேராக்கி வைத்தான். டொக்டர் இருமுறை விளக்கிவிட்டு, அவன் மறுத்ததை நோயாளியின் அட்டையில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை கொழும்பு டொக்டர் போனை எடுக்கவில்லை. கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. அன்று பிறேம், சைன் வைக்கவென்று, தாதி மிஸ்ஸியிடம் இருமுறை போய்ப் பத்திரத்தைக் கேட்டான். இருமுறையும் அது அவன் கையிலேயே இருந்தது. வியாழன் காலை கிறிஸ்ரோபர் அழைத்தார். கொழும்பு டொக்டரும் எடுக்கத்தான் வேண்டும் என்கிறார், வை சைனை என்றார். பிறேம் உடனே வைத்தான். அதற்குள் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. சத்திரசிகிச்சைத் தியேட்டரிலிருந்து வந்த செல்வத்துரை பிறகு கண் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல் இறந்தார்.

கிறிஸ்ரோபர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். சவப்பெட்டியருகே விழுந்து அழுதார். பிறகு எழுந்து, போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தார். ஊர்ச்சனம் முன்னால் தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டொக்டர் முதல்நாளே சொன்னவவாம். நீ பக்கத்திலை நிண்டனி தானே? ஏன்டா சைன் வைக்கேல்லை? நீ என்ன சின்னப் பிள்ளையே?"

அற்புதராணி மாமி அழுகையை நிறுத்திப் பிறேமைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அண்ணைக்கு என்ன பதில் சொல்வது என்று, பழக்கதோசத்தில், அவன் அண்ணையின் முகத்தையே பார்த்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் சேமக்காலையில் அடக்கம் நடந்தது. கிறிஸ்ரோபர் வீட்டின் முன்பகுதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குத் திரும்பினார். பிறேம் பின்னறையில் இருக்கிறான்.