பதினோரு வட்டங்கள்

"ஏன்னா, எனக்குப் பயமா இருக்கு. கையைப் பிடிச்சுக்கோங்கோ" என்றாள் சீதாலட்சுமி. மாடிக்குப் போகும் இரும்புச் சுழல்படியின் அடியில் இருவரும் நின்றிருந்தார்கள். அவளுக்கு ஒரு பயமும் இல்லை. கணவர் சுந்தரராமனின் வலது கால் முதல் படியைத் தேடி இரண்டு தடவை காற்றில் துழாவியதைப் பார்த்துவிட்டாள், அவ்வளவுதான். "இதுக்குப் போய் பயமா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். மேலே போய்ச் சேரும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.

கனகபுரா ரோட்டில் வைத்தீஸ்வரன் என்பவர் தன் வீட்டு மாடியில் சொந்தமாகக் கட்டிய வானாய்வுக் கூடம் அது. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு கூரை. இரண்டாயிரத்து நான்கு, ஜூன் எட்டாம் தேதி. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் கறுப்புப் பொட்டாக நகரும் நாள். கடைசியாக நூற்றிருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. உயிரோடிருக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை. மல்லேஸ்வரத்து வானியல் கிளப் ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற சுந்தரராமன்தான் கிளப்பில் மூத்தவர். கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர். பெண்ணுக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே வீட்டில் இந்தத் தேதி பேசப்பட்டுவிட்டது.

பிப்ரவரியில் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் கண் டாக்டர் சீட்டு இருந்தது. படித்துப் புரியாமல் அவள் தனியாக அந்த டாக்டரிடமே போய்க் கேட்டாள். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது, இரண்டு கண்ணிலும். ஓரம் தெரியும், நேரே இருப்பது தெரியாது. "இதுக்கு மருந்து கெடையாதும்மா" என்றார் டாக்டர். அவள் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். சுந்தரராமன் அவளிடம் சொல்லவில்லை. தனக்குத் தெரியும் என்று அவளும் சொல்லவில்லை. என்ன பிழைப்போ, ஒரே வீட்டில் ஒரே சங்கடத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது அவள் வாயில் நித்தியப்படி வருகிற பழமொழி. கேஸ் புக் பண்ண மறந்தால்கூட வரும். பிப்ரவரிக்குப் பிறகு அவள் அதைச் சொல்லவே இல்லை. இன்றைக்கு வேனில் கிளப் செயலாளர் ரங்கா, நேரம் கழித்து வந்த ஒருத்தரைப் பார்த்து அதையே சொல்லிவிட்டான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது சுந்தரராமன்தான்.

ஒரு மணிக்கு மேகம் விலகியது. "பேக பேக, சீக்கிரம் வாங்க சார்! நீங்கதான் மொதல்ல. இத விட்டா 2012தான்!" என்று ரங்கா கத்தினான்.

வடிகட்டி மாட்டிய பெரிய தொலைநோக்கியில் அவர் குனிந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார் என்று கிளப்பில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர்; இப்போது சூரியனையே ஓரக்கண்ணால் தேடிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் நனைந்துவிட்டது. பகவானே, ஒரே ஒரு பொட்டு, அதைக் காட்டினால் குறைந்தா போய்விடுவாய் என்று சீதாலட்சுமிக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆஹா! என்ன அழகு!" என்று அவர் நிமிர்ந்தார்.

முப்பத்தாறு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? உப்பில்லாத குழம்பையும் இதே ஆஹாவோடுதான் சாப்பிடுவார்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. நோட்டில் தம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, பார்த்ததை அதற்குள் வரைந்து, கையெழுத்திட வேண்டும். பார்த்ததை மட்டும்தான் வரையலாம். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். வட்டத்தின் மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து வரைந்தார்கள். கடைசியில் அவளையும் கூப்பிட்டார்கள். ஆரஞ்சுத் தட்டின் கீழ்ப்பக்கத்தில் மிளகளவுக்குக் கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. வேண்டும் என்று ஒரு நாளும் கேட்காதவளுக்கு இப்படிப் பளிச்சென்று தெரிகிறதே!

ரங்கா நோட்டைப் பார்த்தான். பதினோரு வட்டங்கள். பத்தில் பொட்டு கீழே.

"சார், நீங்க மட்டும் மேல போட்டுட்டீங்க! உங்க டெலஸ்கோப்லதான் எல்லாம் தலைகீழாத் தெரியும். இதுல நேராக் காட்ற கண்ணாடி இருக்கு, மறந்துட்டீங்களா..." என்று சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். பார்த்து வரைந்தவருக்கு இந்தத் தப்பு வராது; தன் தொலைநோக்கியில் எங்கே தெரியும் என்று மனக்கணக்குப் போட்டு வரைந்தவருக்குத்தான் வரும். அது அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வைத்தீஸ்வரன், காபி ஆயிற்றா என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வேற வட்டம் போடட்டுமா சார்?" என்றான் ரங்கா மெதுவாக.

"வேண்டாம்ப்பா. இருக்கட்டும்."

கூடத்துக்கு வெளியே, யாரும் கண்ணை வைக்க வேண்டாதபடி, ஒரு சின்னத் தொலைநோக்கி சூரியனை வெள்ளைக் காகிதத்தில் விழவைத்திருந்தது. சீதாலட்சுமி அவரை அங்கே அழைத்துப் போனாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வெளிச்ச வட்டத்துக்குள் வைத்தாள்.

"இங்கேயா?"

"இன்னும் கொஞ்சம் கீழே. ம். இப்போ உங்க நகத்து மேல இருக்கு."

அவர் நகத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பிப்ரவரி."

வட்டம் காகிதத்தில் மெல்ல நழுவிக்கொண்டே இருந்தது. அது நழுவ நழுவ அவள் விரலையும் கூடவே நகர்த்தினாள். தெற்கேயிருந்து மேகம் வந்து வெளிச்சம் மங்கியது. வட்டம் வெளிறி மறைந்தது.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள். வெறும் காகிதத்தின் மேல் அவர் விரலை அதே இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள்.