வலக்கை ஒப்பந்தம்

மேற்பார்வையாளர் கடைசி இருக்கையில் அமர்ந்து பேனாவைத் திறந்ததுமே பயிற்சி ஆசிரியை கரும்பலகையில் எழுதிய தேதியை அழித்து மறுபடி எழுதினாள். இன்றைய பாடம் தேறாவிட்டால் பயிற்சியே வீண். தேறினாலும் இத்தொழிலில் நிலைப்பதா என்பதில் அவளுக்கே தெளிவில்லை. அக்காள் கணவர் தம் அலுவலகத்தில் ஓரிடம் பிடித்து வைத்திருந்தார். மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

விடுதித் தோழியர் வழிவழியாய்க் கைமாற்றித் தந்த உபாயமே இன்று அவளுக்குத் துணை. கேள்வி கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. வலக்கைக்காரரை மட்டும் எழுப்பினால் வகுப்பு பொன்னாய் மின்னும். நேற்றே பிள்ளைகளின் எதிரில் நின்று, "தெரிஞ்சா இந்தக் கை" என்று தன் வலக்கையை உயர்த்திப் பழக்கியிருந்தாள்.

மூன்றை அரையால் வகுத்தால் என்ன என்று கேட்டாள். கைகள் காடாய் எழுந்தன. வலக்கை உயர்த்திய சிறுமி ஒருத்தியை எழுப்ப, அவள் திருதிருவென விழித்தாள். அடுத்த வலக்கையும் அவ்வாறே. அப்போதுதான் உறைத்தது: கண்ணாடியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்த பிள்ளைகள் கையை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்; வலக்கை தூக்கியவர் எல்லாம் விடை தெரியாதவர்.

இடக்கைக்குத் தாவிவிடலாம் என்று எண்ணுமுன், நின்றுகொண்டிருந்த முதற்சிறுமி வாய் திறந்தாள். "ஆறுன்னு புத்தகத்துல இருக்கு மிஸ். வகுத்தா குறையணும்ல, எப்படிக் கூடுது?"

இதே ஐயத்தைக் கேட்க அஞ்சி, விடையை நெட்டுருப் போட்டே தேறி வந்தவள் ஆசிரியை. மேசைமேலிருந்த தாளை மூன்று பட்டைகளாகக் கிழித்துச் சிறுமியின் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் நடுவே கிழித்து, எத்தனை பாதி என்று எண்ணச் சொன்னாள்.

சிறுமி கிழித்தாள், எண்ணினாள், நம்பாமல் மறுபடி எண்ணினாள். "ஆறு. அப்ப இது பங்கு வைக்கிறது இல்ல மிஸ். உள்ள எத்தனை பாதி இருக்குன்னு பாக்குறது." சொன்னதோடு நில்லாமல், விழித்துக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரியிடம் துண்டுகளைப் பரப்பி விளக்கவும் தொடங்கிவிட்டாள்.

மணியடித்த பின்புதான் பின்னிருக்கையில் ஒருவர் இருப்பதே ஆசிரியைக்கு நினைவு வந்தது. பாடம் தேறியதாகச் சொன்ன மேற்பார்வையாளர், வாயிலில் சற்றே நின்றார்.

"அடுத்த தடவை ஒப்பந்தம் போட்டா, பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு போடுங்கம்மா."

அவள் முகம் சிவந்தது. ஆனால் நெஞ்சை அழுத்திய பாறை எங்கோ உருண்டு போயிருந்தது. இறைவா என்று வாய்விட்டே சொன்னாள்.

மாலையில் அக்காள் கணவர் தொலைபேசியில் அழைத்தார். குளிரூட்டிய அறை, அமைதியான வேலை, தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை என்று அடுக்கினார்.

"கிழிஞ்சா கிழியட்டும் அத்தான்," என்றாள். "வலது கை தூக்கின பிள்ளைங்க இன்னும் பாக்கி இருக்காங்க."