நின்று சொன்ன பதில்

ஆண்டியப்பனுக்குப் பாரிசவாதம் வந்தபோது வயது அறுபத்து மூன்று. கை இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. நடை மட்டும்தான் போனது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டோரத்து வயல் வரம்பில் நாற்பது வருடமாகக் கீழே பார்க்காமலே நடந்த மனிதர், ஒரு நாள் காலையில் படலையைத் திறக்கப் போய் வேலியோடு சாய்ந்தார். நிமிர்ந்தால் மறுபக்கம் சாய்ந்தது. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையில் இரத்தம் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மனைவி ஞானேஸ்வரி இறந்து மூன்று வருடமாகிறது. ஒரே மகள் சுமித்திரா நெளுக்குளத்தில் குடும்பமாக இருக்கிறாள், தையல் தொழிற்சாலையில் வேலை. தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். ஆடுகளை ஆர் பார்ப்பது என்று இவர் மறுத்துவிட்டார். கையில் ஒரு பொல்லோடு வியாழன்தோறும் பஸ் ஏறி, மாங்குளத்துக் கிளினிக்குக்குப் போய்வரத் தொடங்கினார்.

அங்கே நடைப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர் பிரியந்தினி. மகளைவிட இளையவள். முதல் நாள் நீண்ட விறாந்தையில் அவரோடு சேர்ந்து நடந்துகொண்டே, "காலமை என்ன சாப்பிட்டனீங்கள், ஐயா?" என்று கேட்டாள்.

ஆண்டியப்பன் நின்றார். பொல்லை ஊன்றி யோசித்து, "பாணும் சம்பலும்" என்றார். பிறகுதான் கால் நகர்ந்தது.

"ஆர் சமைக்கிறது?"

மறுபடியும் நின்றார். "நான்தான், மிஸ்."

அவள் அதை எழுதிக்கொண்டாள். "உங்கட கவனத்தை ஒரு சட்டி சோறு எண்டு வையுங்கோ. முந்தி நடைக்கு ஒரு அகப்பை காணும். இப்ப முழுச் சட்டியும் நடைக்கே போகுது. கேள்வி கேட்டா, பதிலுக்குப் போட மிச்சமில்லை. அதுதான் நிக்கிறீங்கள். இப்பிடி நிக்கிற ஆக்கள்தான் கூட விழுகிறவை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு நடக்கட்டோ?"

"இல்லை, கதைச்சுக்கொண்டே நடந்து பழகோணும்" என்று சிரித்தாள். "மூளை மேல இருந்து கட்டளை போடும், கால் கேட்டு நடக்கும் எண்டுதான் முந்திப் படிப்பிச்சவை. இப்ப அப்பிடிச் சொல்லுறேல்லை. ஆள், செய்யிற வேலை, நடக்கிற இடம், மூண்டும் சேர்ந்துதான் நடை வருமாம். கட்டிலில படுத்துக் கால ஆட்டினாக் காணாது."

சாப்பாட்டைப் பற்றித் தன்னிடம் ஒருவர் கேட்டு எவ்வளவு காலம் என்று பஸ்ஸில் திரும்பும்போது ஆண்டியப்பன் நினைத்துப் பார்த்தார். ஞாயிறு போன் எடுக்கும் மகள் மருந்தைப் பற்றித்தான் கேட்பாள்.

அடுத்தடுத்த வாரங்களில் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டு நடந்தார். நிறையத் தண்ணீர் வைத்த கோப்பையோடு நடந்தார். பிறகு அவள், "ஏதும் கதை சொல்லுங்கோ" என்றாள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதினாறு வயதில் தகப்பனோடு வன்னிக்கு வந்த கதையைச் சொன்னார். யானை வந்து வாழையை முறித்ததையும், ஞானேஸ்வரி தகரத்தைத் தட்டி அதைத் துரத்தியதையும் சொன்னார். வெள்ளிக்கிழமையே அடுத்த வியாழனுக்கு என்ன சொல்லலாம் என்று தேடத் தொடங்கிவிடுவார். வரம்பில் நடந்தபடி அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயும். பொல்லை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததை ஒருநாள் பாதி வயலில்தான் கண்டார்.

"நல்லா வந்திட்டீங்கள், ஐயா. வாற கிழமை, நீங்கள் வந்த முதல் நாள் செய்த சோதனையைத் திரும்பச் செய்வம். சரியெண்டா இனி நீங்கள் அலையத் தேவையில்லை" என்றாள் பிரியந்தினி.

அந்தக் கிழமை முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் விறாந்தையில், "பஸ்ஸில சனமோ?" என்று அவள் கேட்டாள். ஆண்டியப்பன் நின்றார். நின்றுகொண்டு, "ஓம், சரியான சனம்" என்றார். அடுத்த கேள்விக்கும் நின்றார். அவள் புருவத்தைச் சுருக்கி எழுதினாள். இன்னும் ஒரு மாதம் வரச் சொன்னாள். திரும்பும் வழியெல்லாம் அவருக்குச் சந்தோசமும் வெட்கமும் மாறி மாறி வந்தன.

மூன்றாம் வியாழன் அவளுக்கென்று ஒரு பூசணிக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வாசலில் ஓட்டோக்காரன் ஒருவன் வழியை மறித்து நிறுத்தியிருந்தான். அவனோடு வாய்த்தர்க்கம் பட்டுக்கொண்டே, கிரவல் கல்லில் ஓரிடமும் தரிக்காமல் நடந்து வந்தார். ஜன்னலில் பிரியந்தினி நின்றிருந்ததை அவர் காணவில்லை.

உள்ளே அவள் வழமைபோலக் கேள்வி கேட்டாள். அவர் வழமைபோல நின்றார்.

"ஐயா," என்று மெதுவாகச் சொன்னாள், "உண்மையா ஏலாத ஆக்கள் நிக்கேக்க காலை அகட்டி வைப்பினம். நீங்கள் ரெண்டு காலையும் வடிவாச் சேர்த்து வைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்."

ஆண்டியப்பனுக்கு முகம் எரிந்தது. சுவரோரத்து வாங்கில் காத்திருந்தவர்களைப் பார்த்தார். வாயோரம் எச்சில் வழிய ஒரு பெண் இருந்தார். அவருடைய கையை இன்னொருவர் பிடித்திருந்தார்.

"இங்க வந்தாத்தான், பிள்ளை, என்னட்டை ஒரு ஆள் கதை கேக்குது" என்றார்.

பிரியந்தினி பேனையை மூடினாள். "எனக்கு விளங்குது. ஆனா இல்லாததை என்னால எழுதேலாது, ஐயா."

"ஓம். எழுத வேண்டாம்."

விறாந்தையின் கடைசிவரை ஒருமுறை நடந்தார்கள். அவள் கேட்டதற்கெல்லாம் நிற்காமல் பதில் சொன்னார். இனி வரத் தேவையில்லை என்று எழுதிய துண்டில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பூசணிக்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த வியாழன் விடியவே எழும்பிச் சேர்ட் போட்டு, பஸ் ஏறி, மாங்குளம் சந்தியில் இறங்கிய பிறகுதான் எங்கே போவது என்ற யோசனை வந்தது. ஒரு கடையில் பிளேன்ரீ குடித்தார். பிறகு மகளுக்குப் போன் எடுத்தார்.

"என்னப்பா, விழுந்திட்டீங்களோ?" பின்னால் மெஷின்கள் இரைந்தன.

"இல்லையம்மா. சும்மாதான் எடுத்தனான்."

"வேலையில நிக்கிறன். பின்னேரம் எடுக்கிறன்."

சொன்னபடி பின்னேரம் எடுத்தாள். அவர் ஆடுகளைக் கட்டிவிட்டு முற்றத்தில் நின்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தபடி, புதுக் குட்டி ஒன்று தாயிடம் பால் குடிக்க மாட்டேன் என்று நிற்பதைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்; சிரிக்கவும் செய்தாள்.

"நாளைக்கும் எடுக்கட்டோ, அப்பா?"

"உனக்கு எத்தினை வேலை, பிள்ளை. ஞாயிறு எடன்" என்றார்.

வைத்த பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று இருந்தது. திரும்ப எடுக்கலாமா என்று நெடுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.