இருபத்தோரு பேர் உட்கார ஒரு பெஞ்சு

வானகரத்தில் அனுசுயாவின் வீட்டுச் சந்தில் கிடந்த மரப்பெஞ்சு, அவளுடைய வழக்குக்கு வாய்தா விழும்போதெல்லாம் ஒரு முழம் நீண்டது. நான்காவது முழத்தில் தண்ணீர்க் குடங்களை நகர்த்த வேண்டிவந்தது, அவ்வளவுதான். வழக்கும் பெரியதல்ல. சந்தின் முனையில் பக்கத்து வீட்டுக்காரர் சின்னப்பையன் மதில் எழுப்பி, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் இடுக்கு மட்டும் விட்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினுக்குக் காலைக் கொடுத்த அவள் கணவன் பாஸ்கரனின் சக்கர நாற்காலி அதில் நுழையாது. ஒன்பது வருஷமாக அவன் தெருவைப் பார்த்தது, ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் மூட்டையாகத் தூக்கிப்போன நாட்களில்தான்.

இதே மாதிரி வழக்கில் இரண்டு நீதிபதிகள் வழி விடு என்றும், வேறு இருவர் விடவேண்டாம் என்றும் முன்பே தீர்ப்பளித்திருந்ததால், நீதிமன்றத்தின் இருபத்தோரு நீதிபதிகளும் சேர்ந்தே கேட்பதென்று உத்தரவானது. வக்கீல் சிவராமன் விளக்கினார்: "இதுக்கு 'ஆன் பாங்க்'னு பேரும்மா. பழைய பிரெஞ்சு வார்த்தை, பெஞ்சு மேலன்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஜட்ஜுங்க அத்தினி பேரும் ஒரே மரப்பெஞ்சுல குந்தி கேப்பாங்க."

"பெஞ்சுதான? எங்க ஊட்ல கீது, வந்து குந்தச் சொல்லு சார்!" என்று எரிந்து விழுந்தாள் அனுசுயா.

ஒருவர் லீவு, ஒருவர் ஓய்வு, புதியவர் இன்னும் பதவியேற்கவில்லை. என்ன கண்றாவியோ, இருபத்தோரு பேரும் ஒன்றுசேராமல் வாய்தா மேல் வாய்தா விழுந்தது. இருபது பேர் உட்காரும் நீளத்தில் பெஞ்சு மதிலில் முட்டி நின்றது. ஒருவழியாக எல்லாரும் சேர்ந்தபோது, அத்தனை பேரும் ஒன்றாக உட்கார அவ்வளவு நீளப் பெஞ்சு நீதிமன்றத்தில் இல்லை, இதையும் தூக்க முடியவில்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு நீதிமன்றம் வானகரத்துக்கு வந்தது.

இருபது பேர் உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த நீதிபதி அம்மாள் நின்றார். எல்லாரும் உட்காராமல் வழக்கைக் கூப்பிடக்கூடாது. வெயில் ஏறியது. சின்னப்பையனுக்கே தாங்கவில்லை. "ஜட்ஜம்மா நிக்கிறாங்களே, பாவம்!" என்று வேட்டியை மடித்துக்கட்டி, கடப்பாரையால் தன் மதிலைத் தானே இடித்துத் தள்ளினார். பெஞ்சு ஒரு முழம் நீண்டது. அம்மாள் உட்கார்ந்தார். வழக்கைக் கூப்பிட்டார்கள். சின்னப்பையனின் வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா.

"இன்னா சார் அநியாயம் இது! இன்னும் எத்தினி வருஷம்?" என்று அனுசுயா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னாலிருந்து, "கொஞ்சம் வழி வுடுங்க சார்" என்றான் பாஸ்கரன். இருபத்தோரு நீதிபதிகளும் வரிசையாகக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனான்.