நான்கு நாளாக ஏறாத தண்ணீர்

தாட்சாயிணியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மண்ணூர்பேட்டைப் பட்டறையில் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கையில் பிரிண்டரிலிருந்து கிழித்த நீளத்தாள்.

பழவேற்காடு ஏரி கடலைச் சந்திக்கும் முகத்துவாரத்தின் அருகே, நீருக்கடியில் இறக்கிய கருவி ரேடியோ வழியே அனுப்பிய கணக்கு அது. கால்மணிக்கொரு தரம் நீர்மட்டத்தை அதுவே அளந்து பதித்துக்கொள்ளும். ஆய்வு நிலையம் கேட்டு, இந்தப் பட்டறையில் ஏழு மாதம் உழைத்து அவள் செய்தது. அதுவரை ஒரு ஆள் அளவுக் குச்சியைப் பார்த்து நாளுக்கு இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்தார்.

தாளில் முதல் வாரம் கோடு ஏறி இறங்கியது. கடலோடு சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பிறகு ஏற்றமே இல்லை. செவ்வாய்வரை அப்படியே.

"செத்துப்போச்சு. ஆய்வு ஆபீசுக்குப் போன் பண்ணி மிஷின் ஃபால்ட்டுன்னு சொல்லிட்டேன்," என்றார் முதலாளி பரந்தாமன். "நீயே போய் கழட்டிக்கினு வந்துரு."

"செத்திருந்தா கோடு மட்டமா நிக்கணும் சார். இது தெனம் நூல் அளவு எறங்கிக்கினே கீது."

"கழட்டிக்கினு வாம்மா."

புதன்கிழமை காலை ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பினாள். பீரங்கித் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவன் குணசேகரன், "சாப்ட்டுப் போ," என்றான். ஒரு இட்லியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தாள். வழியெல்லாம் தான் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் மனதில் திருப்பிப் பார்த்தாள். எங்காவது ஈயம் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டேனா?

படகுக்காரர் எத்திராஜ் அவளைக் கருவி கட்டியிருந்த கம்பத்தருகே கொண்டுபோனார். கருவியை மேலே இழுத்து, அடிப்பகுதியை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தினாள். அது காட்டிய எண் ஏறியது. தூக்கினாள், இறங்கியது. மூன்று முறை பார்த்தாள். மிஷினில் ஒரு குறையும் இல்லை.

"அப்போ தண்ணி ஏன் ஏறல?" என்று தனக்குத்தானே கேட்டாள்.

எத்திராஜுக்கு அது கேட்டுவிட்டது. "எப்டிமா ஏறும்? மொகத்துவாரம் மண்ணடிச்சி மூடிக்கிச்சே. இங்க வந்து கேக்குறதுக்கு ஒருத்தரும் இல்ல."

அவர் காட்டிய இடத்துக்குப் படகு போனது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வெள்ளை மணல்மேடு. அதன்மேல் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். இந்தப் பக்கம், நீர் வந்து நனைக்க வேண்டிய சேற்றுத்திடல் வெயிலில் வெடித்துக் கிடந்தது. வழக்கமாகக் கூட்டமாக மேயும் நாரைகளில் இரண்டே இரண்டு. சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் கரையில் வெறும் பறிக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னிக்கு மூடுச்சு அண்ணே?"

"வெள்ளி இருக்கும்." கரையில் நின்ற இன்னொருவர் ஞாயிறு என்றார்.

"சனி. காலைல பத்தே முக்கால்," என்றாள் தாட்சாயிணி. இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயிலில் ஏரி ஆவியாகி இறங்கியதைத்தான் மிஷின் நூல் நூலாக எழுதியிருக்கிறது. அவள் அதை மறுபடி கம்பத்தில் கட்டினாள். முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். கழட்டிவரச் சொன்னவரின் முகம் கண்முன் நின்றது.

டெலிபோன் பூத்திலிருந்து ஆய்வு நிலையத்தின் லோகநாயகி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூடின நேரம் நிச்சயமா தெரியுமா? நாங்க எப்பவும் பத்துநாள் கழிச்சுதான் கேள்விப்படுவோம். அதைத் தொடாதீங்க. தாளை உடனே அனுப்புங்க."

அடுத்து பரந்தாமனுக்குப் பேசினாள். "கழட்டல சார்."

"இன்னா?"

சொன்னாள். "மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சொன்னேன் சார்."

அன்றே ஊர்க்காரர்கள் எழுதிய மனுவோடு, பையில் வைத்திருந்த தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு அவள் தாலுகா அலுவலகம் போனாள். அதிகாரி பேப்பரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். தேதி மட்டும் இல்லாமல் மணியும் இருந்ததால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனு கொடுத்த எட்டாம் நாள் மண் தோண்டும் இயந்திரம் வந்து மணலை வெட்டியது.

எத்திராஜ் பட்டறைக்கு டிரங்க் கால் போட்டார். "தண்ணி உள்ள வந்துக்கினு கீதுமா! பொம்பளைங்க எறங்கிட்டாங்க!"

"கம்பம் சாய்ஞ்சுதா பாருங்கண்ணே," என்றாள் தாட்சாயிணி. "வேகமா வர்ற தண்ணி. இன்னிக்கு நான் வரவா?"

பதிலுக்குக் காத்திராமல் பையை எடுத்துக்கொண்டாள்.