வண்டி திரும்ப ஓர் இடம்

ஒரு வருடமாக மணிமேகலைக்குப் பொழுது விடிவது ராயக்கோட்டை ரோட்டின் நடுவில்தான். நைட்டியின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, செல்போன் விளக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, வளைவில் இறங்கி வரும் தக்காளி லாரிகளை அவள் நிறுத்தவேண்டும். அவை நின்ற பிறகு அவள் புருஷன் விஜயகுமார் வாடகை வீட்டுச் சந்திலிருந்து காரைப் பின்பக்கமாக ரோட்டுக்கு எடுப்பான். முன்பு ஒருமுறை தனியாக எடுத்தபோது, பைக்கில் வந்த ஒரு பையன்மேல் இடித்துவிட்டான். பையனுக்கு முறிந்த கால் கூடி, அவன் வேலைக்கும் போய்விட்டான். விஜயகுமாருக்குத்தான் ரிவர்ஸ் கியர் போட்டால் இன்னும் கால் நடுங்குகிறது. ஓசூரில் முதல் ஷிப்டுக்குப் போகவேண்டியவன். கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வருவதில்லை.

எல்லா லாரியும் நிற்பதில்லை. ஒருநாள் ஒன்று அவள் துண்டை உரசிக்கொண்டு போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, சாகவா வந்தாய் என்று கன்னடத்தில் கத்தினான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் விஜயகுமார் வந்ததும் சொன்னாள்: "புது வீட்ட எப்படி வேணாலும் கட்டுங்க. வண்டி உள்ளயே திரும்பி, மூஞ்சிய முன்னால நீட்டிக்கினு வெளிய போவணும். அங்கயும் இதே ரோடுதான். அங்கயும் வந்து நான் நிக்கமாட்டேன்."

"வரும்போதே ரிவர்ஸ்ல உள்ள வுட்டுட்டா?"

"அப்பவும் ரோட்ட மறிச்சிதான வுடணும்? யாரு நிப்பா? உங்க அம்மாவா?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

புது வீட்டுக்கு, பாகம் பிரித்ததில் விஜயகுமாருக்குக் கிடைத்த நிலம். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் பங்காளி முனிவேலின் காலி இடம். மேஸ்திரி கோவிந்தப்பன் வரைபடத்தை மறுபடி மறுபடி மாற்றினான். கார் திரும்புவதற்காக ஹால் சுருங்கியது. பிறகு படிக்கட்டு ஓரமாகப் போனது. கடைசியில் சமையலறையிலும் இரண்டடி போனது.

"அண்ணா, காருக்கு ஹாலு, மனுசனுக்கு ஷெட்டுனு கட்டச் சொல்றீங்களே" என்றான் கோவிந்தப்பன்.

"ஷெட்டுலயே சமைக்கிறேன். நீ கோடு போடு" என்றாள் மணிமேகலை.

தரையில் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டான். சுவர் வரும் இடம், படி வரும் இடம், காம்பவுண்டு வரும் இடம் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. விஜயகுமார் காரை உள்ளே விட்டான். மூன்று பேரின் கண்ணும் டயரிலேயே இருந்தது. மணிமேகலை டயருக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தாள். முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை, மறுபடி முன்னே. உள்ளுக்குள் என்பதால் அவன் காலும் அவ்வளவாக நடுங்கவில்லை. கார் ரோட்டைப் பார்த்து நின்றது. ஒரு கோடும் அழியவில்லை. அன்று அவள் கோவிந்தப்பனுக்கு டீயோடு போண்டாவும் வாங்கிக் கொடுத்தாள்.

வீடு எழும்பியது. காம்பவுண்டு சுவர் இடுப்பு உயரம் வந்தபோது, பூச்சுக்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று விஜயகுமார் காரை உள்ளே விட்டான். பாதி திரும்புவதற்குள் முன்பக்க பம்பர் முனிவேல் பக்கச் சுவரில் மோதி நின்றது. டயருக்கும் சுவருக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இருந்தது.

மணிமேகலை அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோடு போட்ட அன்றைக்கும் காரின் மூக்கு டயரைத் தாண்டித்தான் நீண்டிருந்தது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உயரம் கிடையாது. மூக்கு அதன் மேலாகப் போய்வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"எல்லாரும் டயரத்தானக்கா பாத்தோம்" என்றான் கோவிந்தப்பன், தலையைச் சொறிந்தபடி.

விஜயகுமார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். "வுடு, மணி. நீயே கொஞ்ச நாளைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். கார் இருக்கும்வரை. அவள் சுவரருகே போய்க் குனிந்து, பம்பரின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள்.

"கோவிந்தப்பா, மூக்கு போற எடத்துல மட்டும் செவுத்த இடி. ரெண்டு வரிசை செங்கல்லு இருந்தா போதும். அது மேல போயிட்டு வரட்டும்."

"முனிவேலு எடத்துக்குள்ளயா?" விஜயகுமார் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "அவன் காத்துலகூட பாகம் கேப்பான். அப்புறம் நாய் வரும், அவன் மாடு வரும்."

"மாடு வந்தா வெரட்டிக்கலாம். லாரிய வெரட்ட முடியாது."

முனிவேலிடமும் அவளே போய்ப் பேசினாள். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். கேட்டு முடிக்கும்வரை சிரித்தான். "மூக்குதானம்மா? நீட்டிக்கோ. என் மாடும் மூக்க நீட்டும், அப்ப கட்டைய எடுத்துக்கினு வரக்கூடாது. எடத்த வித்துட்டேன்னா, வாங்குறவன்கிட்ட பேசிக்கோ."

"விக்கிறதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு ரிவர்ஸ் கத்துக்குவாரு."

"அப்ப நான் விக்கவே முடியாதா?" என்றான் முனிவேல்.

குடிபோன மறுநாள். விடியுமுன் எழுந்தவள் பழக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரத்துக்கு வந்துவிட்டாள். செல்போன் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கார் மெதுவாகத் திரும்பியது. அதன் மூக்கு தாழ்ந்த சுவரின்மேல் முனிவேல் இடத்துக்குள் நீண்டு, பின்வாங்கி, ரோட்டைப் பார்த்தது. விஜயகுமார் கேட்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தான். ஒரு தக்காளி லாரி போகும்வரை காத்திருந்தான். பிறகு அவளைப் பார்த்து, "நீ ஏன் வந்த?" என்றான்.

"தெரியல. போங்க."

கார் வளைவில் மறைந்தது. விளக்கை அணைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தாள். தூக்கம் வந்தது, எழுந்து உள்ளே போகத்தான் மனம் வரவில்லை. சற்று நேரத்தில் தாழ்ந்த சுவரைத் தாண்டி முனிவேலின் மாடு உள்ளே வந்தது. நேற்று நட்ட கறிவேப்பிலைக் கன்றை மோந்து பார்த்து, ஒரு கிளையை ஒடித்து மென்றது.

விரட்டவேண்டும் என்று நினைத்தாள். மாடு அடுத்த கிளைக்கு வாயை நீட்டியது. அவள் தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.